தோல் மூடினால்தான் எலும்பு கூடும்: ஒரு திறந்த கணைக்கால் முறிவு, நிகழ்வு ஆய்வு

நோயாளி ஈரோடு மாவட்டத்துப் பால்காரர், வயது 38. நான்கு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார், அதுவும் நினைத்தபோது. பீடி உண்டு. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அதிகாலை ஐந்தரை மணிக்கு இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய்க்கொண்டிருந்தபோது, இடப்பக்கம் திரும்பிய டிப்பர் லாரி உரசியது. இடது கால் கேனுக்கும் டயருக்கும் நடுவே சிக்கி, ஆளும் வண்டியும் சாலையோரச் சாக்கடையில் விழுந்தார்கள். எதிரே இருந்த டீக்கடைக்காரர்கள்தான் தூக்கினார்கள். துண்டால் இறுக்கிக் கட்டி, ரத்தம் நிற்கட்டும் என்று காயத்தில் காப்பித்தூளை அப்பி, 108-க்குப் போன் போட்டார்கள்.

முதலில் சேர்த்தது பக்கத்து அரசு மருத்துவமனையில். அங்கே டியூட்டியில் இருந்த இளம் மருத்துவர் செய்தவற்றை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கால் தங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வந்த கால் மணி நேரத்தில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார். விபத்து நடந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டெட்டனஸ் வராமல் தடுக்க டி.டி. ஊசி போட்டார். கோணலாகக் கிடந்த காலை மெல்ல இழுத்து நேராக்கி, ஸ்ப்ளிண்ட் வைத்து, உப்புநீரில் நனைத்த துணியால் காயத்தை மூடினார். மூடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினார். காயத்தைத் தைக்கவில்லை. தைக்காமல் விட்டதுதான் இதில் முக்கியம். இத்தகைய காயங்களை வழியில் எங்கேயாவது இழுத்துப் பிடித்துத் தைத்து அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே மண்ணும் செத்த தசையும் அடைபட்டு, தையல் விளிம்பு கறுத்து, மூன்றாம் நாள் சீழோடு வந்து நிற்கிறார்கள். ஆன்டிபயாடிக் விஷயத்தில் 1989-ல் பட்சாகிஸ், வில்கின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கு இன்றும் வழிகாட்டுகிறது: மூன்று மணி நேரத்துக்குள் மருந்து போனவர்களில் தொற்று 4.7 சதவீதம், அதற்குப் பிறகு போனவர்களில் 7.4.

எங்களிடம் வந்தபோது மணி எட்டே முக்கால். நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 100/64, சர்க்கரை 286. நெஞ்சு, வயிறு, இடுப்பு, கழுத்து எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் காலுக்கு வந்தோம். கால் எவ்வளவு கோரமாக இருந்தாலும் இந்த வரிசை மாறக்கூடாது. உயிரை எடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத காயம்தான்.

இடது கணைக்காலின் முன்-உட்பக்கம், நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேரும் இடத்தில், சுமார் 15 செ.மீ. நீளத்துக்குத் தோல் இல்லை. டிபியா எனும் கணைக்கால் எலும்பு மேலுறை உரிந்து வெள்ளையாக வெளியே நின்றது. சில்லுகள் தனியே கிடந்தன. சுற்றியிருந்த தோலும் அடியிலிருந்து பிரிந்து தளதளவென்று ஆடியது. கணைக்காலின் முன்பக்கத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசையே கிடையாது, தொட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியும். தொடை எலும்பு உடைந்தால் சுற்றிலும் சதை இருக்கிறது, ரத்தம் கொண்டுவந்து கொடுக்கும். இங்கே தோல் போனால் எலும்புக்குத் துணை போயிற்று.

பாதத்தின் மேல் நாடி கிடைக்கவில்லை. உள்கணுக்காலுக்குப் பின்னால் இருக்கும் நாடி கிடைத்தது. சிடி ஆஞ்சியோவில் மூன்று ரத்தக்குழாய்களில் முன்னது அறுந்திருந்தது, மற்ற இரண்டும் சரியாக ஓடின. பாதம் சூடாக இருந்தது. ஆகவே தோல் கிழிந்த முறிவுகளை, அதாவது திறந்த முறிவுகளை, தரம் பிரிக்கும் கஸ்டிலோ வகைப்பாட்டில் இது மூன்று-பி: எலும்பு மூட வழியின்றி வெளியே நிற்கிறது, ஆனால் பாதத்துக்கு ரத்தம் போகிறது. ரத்தக்குழாயைச் சரிசெய்யாவிட்டால் பாதம் பிழைக்காது என்ற நிலை இருந்தால்தான் மூன்று-சி. ரேமன் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1976-ல் மின்னியாபோலிஸில் 1,025 திறந்த முறிவுகளைப் பார்த்து மூன்று வகை பிரித்தார்கள். மூன்றாவது வகைக்குள் லேசானதும் கொடியதும் கலந்துகிடந்ததால் 1984-ல் அதை ஏ, பி, சி என்று மறுபடி பிரித்தார்கள். இன்னமும் உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் பேசுகிறோம்.

உள்ளங்காலில் தொடு உணர்வு மங்கலாக இருந்தது. முன்பெல்லாம் உள்ளங்காலில் உணர்வு இல்லையென்றால் காலை எடுத்துவிடலாம் என்பார்கள். அமெரிக்காவில் எட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய லீப் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. வந்த அன்று உணர்வே இல்லாமல் இருந்து, கால் காப்பாற்றப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு வருடத்தில் அது திரும்பியிருந்தது. நரம்பு அறுந்துதான் உணர்வு போக வேண்டும் என்பதில்லை. நசுங்கினாலும், இழுபட்டாலும் போகும், பிறகு வரும்.

தியேட்டருக்கு வெளியே நடந்த பேச்சு

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவருடைய மனைவிதான் முதலில் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், கால் தங்குமுங்களா?" பெரியவர் ஒருவர், "புத்தூர்ல கட்டு கட்டினா எலும்பு கூடிக்கும்ங்களே, எதுக்கு ஆப்பரேசன்?" என்றார். தோல் கிழியாத முறிவு வேறு, இது வேறு என்று அவருக்கு அந்தப் படத்தைக் காட்டியே விளக்கினேன். காயம் திறந்திருக்கும்போது துணியும் மூங்கில் பத்தையும் வைத்து இறுக்கினால் அழுகல் உறுதி, காலோடு நிற்காமல் உயிருக்கே வரலாம். பெரியவர் படத்தை இரண்டு தடவை பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மச்சினன், "எடுக்கிற மாதிரி இருந்தா எங்களக் கேக்காம எடுத்துப்போடாதீங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் சொன்னது இதுதான்: இன்றைக்குச் செத்ததை வெட்டிக் களைவோம். களைந்த பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் கால் தங்குமா என்று சொல்ல முடியும். உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் இன்றே எடுக்க நேரும், அதற்குக் கையெழுத்து வேண்டும். மற்றபடி அந்த முடிவை அவரும் நீங்களும் நாங்களும் உட்கார்ந்து எடுப்போம். செலவைப் பற்றியும் அப்போதே பேசினோம். முதல் 48 மணி நேரத்துக்கு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், பிறகு முதலமைச்சர் காப்பீடு. பணத்தைப் பற்றித் தெளிவு இல்லாத குடும்பம் மூன்றாவது ஆபரேஷனுக்குள் நொடிந்து, காலை எடுத்துவிடச் சொல்லும். அதை முதல் நாளே பேசிவிடுவது கருணைதான்.

டிப்ரைட்மென்ட்

காயத்திலிருந்து செத்த திசுவையும் அழுக்கையும் வெட்டிக் களைவதற்கு டிப்ரைட்மென்ட் என்று பெயர். இந்த நிகழ்வில் ஒரே ஒரு ஆபரேஷனைத்தான் விவரிக்கலாம் என்றால் இதைத்தான் விவரிப்பேன். எங்கள் துறையில் ராடு போடுவதும் பிளேட் போடுவதும் பெருமைக்குரிய வேலையாகவும், இது ஜூனியரிடம் விட்டுவிடக்கூடிய வேலையாகவும் இருந்த காலம் உண்டு. அன்று எலும்பு சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும், இருவருமே சீனியர், முதல் வெட்டிலிருந்து ஒன்றாக நின்றார்கள். பிறகு மூடப்போகிறவர் கூட நின்றால் தயங்காமல் வெட்டலாம். எலும்புக்காரர் தனியாக நின்றால், 'இந்தத் தோலையும் எடுத்துவிட்டால் எதை வைத்து மூடுவது' என்ற பயத்தில் சாகப்போகிற தோலை விட்டுவைப்பார்.

தொடையில் டூர்னிக்கே, அதாவது ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் பட்டை, கட்டித் தொடங்கினோம். சாக்கடைச் சேறு எலும்பின் நடுக்குழாய் வரைக்கும் போயிருந்தது. காப்பித்தூள் தசை இழைகளுக்கு இடையில் கறுப்பு மணல்போல் ஒட்டியிருந்தது. கழுவினால் போகவில்லை, ஒட்டிய தசையோடு சேர்த்தே வெட்ட வேண்டியிருந்தது. தசை உயிரோடு இருக்கிறதா என்பதற்கு நான்கு சோதனைகள்: நிறம், உறுதி, தொட்டால் சுருங்குவது, வெட்டினால் ரத்தம் கசிவது. முன்பக்கத் தசைகளில் ஒரு பகுதி சாம்பல் நிறத்தில், கிள்ளினால் கிழிகிற பதத்தில், மின்முனை பட்டும் துடிக்காமல் இருந்தது. அது போனது. எலும்புச் சில்லுகளை ஃபோர்செப்ஸால் பிடித்து லேசாக இழுத்தோம். எதையும் பற்றிக்கொள்ளாமல் கையோடு வந்தவை வெளியே போயின. பிறகு டூர்னிக்கேயை அவிழ்த்துவிட்டு, எலும்பின் இரு முனைகளிலிருந்தும் சிவப்புப் புள்ளிகளாக ரத்தம் கசியும் வரை செதுக்கினோம். முடித்தபோது நடுவில் 6 செ.மீ. எலும்பு இல்லை.

கழுவியது சாதாரண உப்புநீர், 9 லிட்டர், மேலே தொங்கவிட்டுத் தானாக இறங்கும் வேகத்தில். சோப்பு, பீச்சும் இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2015-ல் வெளியான ஃப்ளோ ஆய்வில் நீரின் அழுத்தத்தால் வித்தியாசம் வரவில்லை, சோப்பு போட்டவர்களுக்குத்தான் மறு ஆபரேஷன் அதிகமாக வேண்டியிருந்தது.

இங்கே 'ஆறு மணி நேர விதி' பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் திறந்த முறிவைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று மாணவர்களாக மனப்பாடம் செய்தோம். அதன் வேர் 1898-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் என்பவர் கினிப்பன்றிகளின் காயத்தில் தோட்ட மண்ணையும் மாடிப்படித் தூசியையும் வைத்துச் செய்த சோதனை. ஆன்டிபயாடிக் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. இன்று நமக்குத் தெரிந்தவரை, மருந்து உடனே போய்விட்டால், நள்ளிரவில் அனுபவமில்லாத கையால் அவசரமாகச் செய்வதைவிட விடியலில் தேர்ந்த கையால் செய்வதே காலுக்கு நல்லது. ஆனால் சாக்கடை, மாட்டுத்தொழுவம் மாதிரியான அழுக்கு இருந்தால் காத்திருக்கக் கூடாது. இவருக்கு ஐந்து மணி நேரத்தில் கத்தி வைத்துவிட்டோம்.

அன்று வெளியிலிருந்து கம்பிச் சட்டம் போட்டுக் காலை நிறுத்தி, குழியில் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் மணிகளை வைத்து மூடிவிட்டு வெளியே வந்தோம்.

பதினாறு

காலைக் காப்பதா எடுப்பதா என்பதற்கு மேலை நாட்டில் மெஸ் முதலிய மதிப்பெண் முறைகள் இருந்தன. ரத்தக்குழாய் அறுந்த கால்களுக்கு அவை ஓரளவு பொருந்தின, மூன்று-பி கால்களுக்கு உதவவில்லை. இந்த இடைவெளியை நிரப்பியது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் டாக்டர் எஸ். ராஜா சபாபதியும் குழுவினரும் உருவாக்கிய மதிப்பெண். 2006-ல் அதன் முடிவுகள் வெளியாயின. நம் ஊர்ச் சாலைகளில் நசுங்கிய கால்களை வைத்து நம் ஊரில் செய்தது என்பதால் மட்டும் இதைப் பயன்படுத்தவில்லை. தோலுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, தசை-நரம்புக்கு ஒன்று என்று தனித்தனியாக ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது, அதுவும் டிப்ரைட்மென்ட் முடிந்த பிறகு. உடன் இருக்கும் சிக்கல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காப்பாற்றலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பது நல்லது. 15, 16 நடுப்பகுதி.

இவருக்கு: முறிவின் மேலேயே தோல் இழப்பு, 4. நான்கு செ.மீ.க்கு மேல் எலும்பு இழப்பு, 5. ஒரு தசைக்கூட்டின் பகுதி இழப்பு, 3. சாக்கடை அழுக்கு 2, மருந்து எடுக்கும் சர்க்கரை நோய் 2. ஆக 16.

அன்று மாலை அவர் முழு நினைவோடு இருந்தபோது மனைவியையும் வைத்துக்கொண்டு பேசினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஒரு ஆபரேஷன், இரண்டு மூன்று மாதத்தில் செயற்கைக் கால், வேலைக்குத் திரும்பலாம். காப்பாற்றினால் நான்கைந்து ஆபரேஷன், ஒன்றரை வருடம், நடுவில் தோற்று எடுக்கவும் நேரலாம். லீப் ஆய்வில் 569 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்தபோது, எடுத்தவர்களும் காப்பாற்றிக்கொண்டவர்களும் அன்றாட வாழ்க்கையில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். அதே ஆய்வில் வாழ்நாள் செலவு, செயற்கைக் கால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. இரண்டையும் ஒளிக்காமல் சொன்னோம். "விடியால நாலு மணிக்குத் தொழுவத்துல இறங்கோணும், சேறும் சாணியும். கட்டைக்கால வெச்சுட்டு நான் என்னுங்க பண்றது?" என்றார். அவர் வாழ்க்கையை அவர்தான் அறிவார். உள்ளங்கால் உணர்வு, ஓடும் பின் ரத்தக்குழாய், 38 வயது, கூட நிற்கும் குடும்பம், இவற்றை வைத்து நாங்களும் காப்பாற்றும் பக்கமே சாய்ந்தோம்.

மூடுதல்

ஐம்பது மணி நேரம் கழித்து மறுபடி தியேட்டர். திறந்து பார்த்ததில் மேலும் களைய அதிகம் இல்லை. வெளிச்சட்டத்தைக் கழற்றி, எலும்புக்குள் ராடு போட்டு இருபுறமும் பூட்டி, 6 செ.மீ. இடைவெளியில் ஆன்டிபயாடிக் கலந்த போன் சிமென்ட்டை ராடைச் சுற்றி உருளையாக வார்த்தோம். அதே அமர்வில் பிளாஸ்டிக் சர்ஜன் வலது தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து தோலும் கொழுப்பும் அவற்றின் ரத்தக்குழாயும் சேர்ந்த துண்டை, அதாவது ஃப்ளாப்பை, எடுத்து வந்தார். கணைக்காலின் மேற்பகுதிக் காயமென்றால் கெண்டைத் தசையைத் திருப்பி மூடலாம். நடுப்பகுதிக்கு அதன் அடியில் உள்ள சோலியஸ் தசை. கீழே வர வர அருகில் எடுக்க ஒன்றுமே இல்லை, தூரத்திலிருந்து கொண்டுவந்து மைக்ரோஸ்கோப் வைத்து ரத்தக்குழாயை இணைத்தாக வேண்டும். முழங்காலுக்குக் கீழே நல்ல நிலையில் இருந்த பின் ரத்தக்குழாயின் பக்கவாட்டில், அதன் ஓட்டத்தை நிறுத்தாமல், இணைத்தார்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் மார்கோ கோடினா செய்த வேலை. 532 பேருக்குச் செய்ததை 1986-ல் வெளியிட்டார். 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் ஃப்ளாப் தோற்றது 0.75 சதவீதம், தொற்று 1.5. மூன்று நாள் தாண்டி மூன்று மாதத்துக்குள் மூடியவர்களில் ஃப்ளாப் தோல்வி 12, தொற்று 17.5. அவர் கை வேறு, நம் கை வேறு என்று சொல்லலாம். ஆனாலும் நாள் கடந்தால் ரத்தக்குழாய்கள் வீங்கி நொய்ந்துபோவதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த எவரும் அந்த எண்களைச் சந்தேகிக்க மாட்டார்கள். காயத்தின் மேல் கசிவை உறிஞ்சி எடுக்கும் வேக் இயந்திரத்தை மாட்டிவிட்டு வாரக்கணக்கில் தள்ளிப்போடும் பழக்கம் கவலை தருகிறது. அது மூடும்வரை காக்கும் ஏற்பாடு, மூடுதல் ஆகாது.

இரவு ஒன்றரை மணிக்கு ஐசியுவில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் கூப்பிட்டார். ஃப்ளாப் நிறம் லேசாக ஊதாவாகிறது, தொட்டால் புடைப்பாக இருக்கிறது, அழுத்தி விட்டால் கணத்தில் நிறம் திரும்புகிறது என்றார். ஊசி முனையால் குத்திப் பார்த்தால் கரும்சிவப்பாகக் குபுக்கென்று வருகிறது. நல்ல ஃப்ளாப்பில் செக்கச்செவேலென்று நிதானமாக ஒரு துளி வரும். தமனி அடைத்தால் வெளிறிப்போய் ஒன்றும் வராது. இது சிரை அடைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் தியேட்டரில் திறந்தார்கள். சிரை மடங்கி ரத்தம் உறைந்திருந்தது. உறைவை எடுத்துப் புதிதாக இணைத்ததும் ஃப்ளாப் இளஞ்சிவப்பானது. அந்த நர்ஸ் மணிக்கொரு முறை எழுதிவைத்த தாளைப் பார்த்தேன்: நிறம், சூடு, நிறம் திரும்பும் வேகம், ஒரு மணி கூட விட்டுப்போகவில்லை. விடியும்வரை பொறுத்திருந்தால் ஃப்ளாப் போயிருக்கும். ஓரத்தில் விரல் அகலத்துக்குத் தோல் கறுத்தது, பிறகு தோல் ஒட்டு வைத்துச் சரியாயிற்று.

எலும்பு

ஆறு செ.மீ. இடைவெளியை நிரப்ப இரண்டு வழிகள். ரஷ்யாவின் குர்கானில் இலிசரோவ் வகுத்த வழியில், வெளி வளையம் போட்டு எலும்பை வேறிடத்தில் வெட்டி நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்த்திக் கொண்டுவருவது. நகர்வதற்கு மட்டும் அறுபது நாள், கெட்டிப்பட அதைவிடப் பலமடங்கு, அதுவரை வளையத்தோடு இருக்க வேண்டும். தேர்ந்த கையில் அருமையான முறை. இன்னொன்று பிரான்ஸின் மாஸ்கலே கொண்டுவந்தது: சிமென்ட்டைச் சுற்றி உடம்பு தானாக ஒரு சவ்வை நெய்யும். ஆறேழு வாரம் கழித்துச் சவ்வை மட்டும் விட்டுச் சிமென்ட்டை எடுத்து, அந்தப் பையில் அவருடைய சொந்த எலும்புத் துகளை நிரப்புவது. சவ்வு ரத்தக்குழாய் நிறைந்தது, எலும்பு வளர்க்கும் புரதங்களைச் சுரப்பது. சாணத்திலும் சேற்றிலும் புழங்குகிற சர்க்கரை நோயாளிக்கு மாதக்கணக்கில் தோலைத் துளைத்து நிற்கும் கம்பிகள் வேண்டாம் என்று மாஸ்கலேயைத் தேர்ந்தோம்.

எட்டாவது வாரம் ஃப்ளாப்பின் ஓரத்தைத் தூக்கித் திறந்தோம். சவ்வு வழவழவென்று இளஞ்சிவப்பாக, வெட்டினால் ரத்தம் கசிந்தது. சீழ் இல்லை, எடுத்த மாதிரிகளில் கிருமி வளரவில்லை. இரண்டு பக்க இடுப்பெலும்பிலிருந்தும் துகள் எடுத்து நிரப்பினோம். காலைவிட இடுப்பு வலிதான் தாங்கவில்லை என்று பல நாள் முறையிட்டார்.

மேல் முனை ஆறாவது மாதமே கூடத் தொடங்கியது. கீழ் முனை ஒன்பதாவது மாதத்திலும் கூடவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. தொற்றின் அறிகுறி இல்லை. பீடியை விட்டாயிற்று என்று அவர் சொன்னார். மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவரே, "ரெண்டுதானுங்க, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்றார். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. இதில் அளவு குறைவு என்ற ஆறுதல் கிடையாது. திட்டவில்லை. எக்ஸ்ரேயை விளக்கில் வைத்து, கூடிய முனையையும் கூடாத முனையையும் விரலால் தொட்டுக் காட்டினேன். ராடுக்குப் பக்கத்தில் சிறிய பிளேட் ஒன்றைச் சேர்த்து மறுபடி எலும்பு ஒட்டு வைத்தோம். பதினைந்தாவது மாதம் நான்கு பக்கத்தில் மூன்றில் எலும்பு பாலம் போட்டிருந்தது. ஊன்றுகோலை விட்டார்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. கால் நீளம் சமம். உள்ளங்கால் உணர்வு பெரும்பாலும் திரும்பிவிட்டது. முன்பக்கத் தசை போனதால் பாதத்தை மேலே தூக்கும் பலம் குறைவு, வெளியே போகும்போது செருப்போடு பிளாஸ்டிக் தாங்கி அணிகிறார். பின்னால் உள்ள தசைநாரை முன்னால் மாற்றி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறோம். "போதுமுங்க, அப்பறம் பாக்கலாம்" என்கிறார், அது நியாயமாகவே படுகிறது. தொழுவத்து வேலைக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். எக்ஸ்எல்லுக்குப் பதில் மூன்று சக்கரச் சரக்கு வண்டி, மச்சினன் ஓட்டுகிறார், இவர் இறங்கிப் பால் ஊற்றுகிறார். தரையில் சம்மணம் போட முடிகிறது, குத்துக்கால் போட முடியவில்லை.

திறந்த முறிவில் தொற்று வருடங்கள் கழித்தும் தலைகாட்டும். ஃப்ளாப்பில் சூடு, புதிய வீக்கம், ஊசிமுனை அளவு கசிவு, இரவில் மட்டும் வரும் வலி, இவற்றில் எது வந்தாலும் மாத்திரைக் கடைக்குப் போகாமல் நேரே வரச் சொல்லியிருக்கிறோம். ஃப்ளாப்பின் மேல் உணர்வு இல்லை என்பதால் கொசுவர்த்தியோ சூடான சைலன்சரோ சுட்டாலும் தெரியாது. தினமும் குளிக்கும்போது அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த எக்ஸ்ரே ஆறு மாதம் கழித்து. ராடையும் பிளேட்டையும் எடுப்பதைப் பற்றி அப்போது பேசுவோம்.